ஆமெனில் விவரம், இல்லையெனில் காரணம்

சென்ற மாதம் ஒரு காலை, நகரி ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் திருப்பதி அலுவலகத்தில் இப்போது கணினி பார்க்கும் பெண். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முதலில் ‘நம்’ என்று இருந்தது. அடுத்து ‘கனகவல்லி அம்மா’ என்று இருந்தது. பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாய் டீ குடித்தேன். பிறகு ‘இன்று காலை’ என்று வந்தது. கடைசிச் சொல்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

இந்த எழுபத்தொரு வயதில் எத்தனையோ சாவுச் செய்திகள் கேட்டிருக்கிறேன். எல்லாம் காதால் கேட்டவை. கண்ணால் படித்த முதல் சாவுச் செய்தி எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவருடையதாக இருந்தது. மெதுவாகப் படிப்பதில் ஒரு லாபமும் உண்டு. மற்றவர்களுக்கு ஒரே பார்வையில் போனவர் எனக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று சொற்கள் உயிரோடு இருந்தார்.

அம்மாவை அறிந்த நீங்கள் எல்லோரும் கேட்டதால் இதை எழுதுகிறேன். துக்கத்தோடு எழுதுகிறேன் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வருகிறது என்ற சந்தோஷம் துக்கத்தை விடப் பெரிதாக இருக்கிறது. அம்மா இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில், ஒரு மாடியில், எம்.பி.யின் அலுவலகம் இருந்தது. கனகவல்லி அம்மா அங்கே தட்டச்சு செய்ய வந்தவர். மூன்று எம்.பி.க்கள் மாறினார்கள். மூன்று பேரும் மூன்று கட்சி. சுவரில் படங்கள் மாறின, நாற்காலிகள் மாறின, அம்மாவின் மேசை மட்டும் ஜன்னல் ஓரத்திலேயே இருந்தது. காரணம், நாடாளுமன்றத்தில் கேட்பதற்குக் கேள்வி எழுத அவரைப் போல் யாருக்கும் தெரியாது. எம்.பி. டெல்லியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எழுதுவது இங்கே இவர்தான். ஊரில் அவருக்குப் பெயரே ‘கொஸ்டின் அம்மா’. நான் அந்த அலுவலகத்தில் அட்டெண்டர். கதவு திறப்பது, டீ வாங்குவது, கடிதங்களைப் பிரித்து அடுக்குவது, தபாலில் சேர்ப்பது என் வேலை. அம்மா என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அம்மா என்பேன்.

கேள்வி என்றால் நினைத்தவுடன் கேட்டுவிடுவதில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பதினைந்து நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். நட்சத்திரம் போட்ட கேள்விக்கு அமைச்சர் சபையில் எழுந்து வாயால் பதில் சொல்வார். நட்சத்திரம் போடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். எல்லா எம்.பி.க்களும் நட்சத்திரத்துக்கே ஆசைப்படுவார்கள், டி.வி.யில் முகம் தெரியும் என்று. அம்மாவுக்கு அதில் விருப்பம் இல்லை. “வாயால சொன்னது அன்னைக்கே காத்துல பூடும் அண்ணா. எழுத்துல வந்தா நாலு பேருகிட்ட காட்டி வேலைய முடிச்சிக்கலாம்” என்பார்.

ஒரு நாள் சத்தியவேட்டிலிருந்து ஒரு பட்டதாரி வந்தார். படிக்கட்டில் ஏறும்போதே சத்தம் கேட்டது.

“டிகிரி முடிச்சி நாலு வருஷம் ஆவுது மேடம். வேலை இல்ல. அமைச்சரை கேளுங்க, உங்களுக்கு வெக்கமா இல்லையான்னு.”

அம்மா தட்டச்சை நிறுத்தவில்லை. “கேக்கலாம்பா. அவரு ‘இல்லை’ன்னு ஒரே வார்த்தையில பதில் குடுத்துட்டு போய்க்கினே இருப்பாரு. அந்த ஒரு வார்த்தைய வச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ?”

அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார்.

“எந்த ஆபீசுல எத்தினி எடம் காலியா கீது, எத்தினி வருஷமா காலியா கீது, எப்போ ரொப்புவாங்க. இத்த கேளு. இதுக்கு அவரு ‘இல்லை’ன்னு சொல்லி தப்பிக்க முடியாது.”

அம்மா எழுதும் கேள்விகளுக்கு எப்போதும் மூன்று கிளைகள். (அ) இன்னது உண்மையா. (ஆ) ஆமெனில், அதன் விவரம் என்ன. (இ) இல்லையெனில், அதற்குக் காரணம் என்ன. டெல்லியில் ஆங்கிலத்திலும் இப்படித்தான் எழுதுவார்களாம். அம்மாவுக்கு இது பேச்சிலும் ஊறிவிட்டது. நான் தாமதமாக வந்தால், “பஸ் லேட்டா அண்ணா? ஆமெனில் விவரம், இல்லையெனில் காரணம்” என்பார். டீ சூடாக இல்லாவிட்டாலும் அதே கேள்விதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கேள்வி ஒரே அமைச்சருக்குத்தான் போக வேண்டும். இரண்டு துறையைக் கலந்தால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் ஒரு சீசனில் வந்து, “வெளிநாட்டுக்காரன் நம்ம மாங்கூழ வாங்க மாட்டேங்குறான். வெளிநாட்டு மந்திரிய ஒரு புடி புடிமா” என்றார்.

“வெளிநாட்டுக்கு போறதெல்லாம் வெளிநாட்டு மந்திரிகிட்ட போவாது பெரியவரே. மாங்கூழ் போனா வர்த்தக மந்திரி. மனுஷன் போனாதான் வெளியுறவு மந்திரி.”

“அப்போ நான் பூட்டேன்னா?”

“உங்க வூட்டம்மா கேக்கட்டும். கேக்கறாங்களான்னு மொதல்ல தெரியணும்.”

அன்று நானும் சிரித்தேன். மனுஷன் போனால் யார் கேட்க வேண்டும் என்பது சீக்கிரமே என் வீட்டுக் கேள்வி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

என் மகன் ஏழுமலை நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். தறி வைத்திருந்தவர் கொட்டகையை மூடிவிட்டார். எட்டு மாதம் வேலை தேடினான். அப்போது ஒரு ஏஜெண்ட் வந்து, குவைத்தில் துணிக் கம்பெனியில் மேஸ்திரி வேலை என்றான். தகப்பனார் சம்மதம் என்று ஒரு காகிதத்தைக் காட்டினான். நான் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை இடமும் வலமும் ஓட்டி, தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை வரைய மட்டும் எனக்குத் தெரியும். நாடாளுமன்றக் கேள்விகளைத் தபாலில் சேர்க்கும் ஆளுக்குப் படிக்கத் தெரியாது என்று மகன் முன்னால், ஏஜெண்ட் முன்னால் எப்படிச் சொல்வேன்? அலுவலகத்திலேயே யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏழுமலை போய் இரண்டு மாதம் கழித்துப் பேசினான். “நைனா, துணிக் கம்பெனி இல்ல. கோடவுன்ல மூட்டை தூக்கிக்கினு கீறேன். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கினாங்க. கேட்டா, உங்க நைனா கையெழுத்து போட்ட பேப்பர் கீதுன்னு காட்றாங்க.” அதோடு தொடர்பு அறுந்தது.

மூன்று வாரம் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. கடிதங்களை இடம் மாற்றி அடுக்கினேன். ஒரு நாள் டீயில் சர்க்கரையே இல்லை. அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

“இன்னா ஆச்சு அண்ணா? விவரம் வேணும். காரணமும் வேணும்.”

மறுநாள் அந்தக் காகிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். “கண்ணாடி வூட்ல கீது. நீங்களே படிச்சிடுங்கம்மா.”

அம்மா காகிதத்தைப் படித்து முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“பதினாலு வருஷமா உன் கண்ணாடி வூட்லயே கீது அண்ணா.”

எனக்குக் காது சுட்டது.

“செவப்பு கோடு போட்ட கவர் டெல்லிக்கு. நீல கோடு போட்டது சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு. கோடு இல்லாதது உள்ளூர். அது ஆபீஸ் ரூல்னு நெனச்சிக்கினு இருந்தியா?”

“ஆமாம்மா.”

“எந்த ஆபீசுலயும் அந்த ரூல் கெடையாது.”

ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் உள்ள பென்சில் ஒன்று அவர் மேசையில் எப்போதும் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு உறையின் மூலையிலும் எனக்காகக் கோடு போட்டிருக்கிறார். ஒரு முறைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மூன்று எம்.பி.க்களுக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

“படிக்க தெரியாதது தப்பில்ல. அத மறைச்சிக்கினு கையெழுத்து போட்ட பாரு, அது தப்பு. அதுக்கு தண்டனை கீது. நாளைலேர்ந்து மத்தியானம் துன்னுட்டு அரை மணி நேரம் இங்க ஒக்காரு” என்றார்.

அப்படித்தான் என் படிப்பு தொடங்கியது. முதல் பாடம் அ, ஆ, இ. கேள்வியின் மூன்று கிளைகளும் அவைதான் என்பதால் எனக்கு அந்த எழுத்துகள் புதிதாகத் தோன்றவில்லை. பலகை இல்லை, புத்தகம் இல்லை. பழைய கேள்விகளை அம்மா தமிழில் பெரிதாக எழுதித் தருவார். மற்றவர்கள் ‘அம்மா, ஆடு’ என்று படித்த வயதில் நான் படிக்கவில்லை. நான் படித்த முதல் சொற்கள் ‘உண்மையா’, ‘விவரம்’, ‘காரணம்’.

ஏழுமலைக்காக எம்.பி.யின் கடிதம் அமைச்சகத்துக்குப் போனது. அதோடு ஒரு கேள்வியும் வேண்டும் என்றார் அம்மா. ஆனால் தனி ஒரு ஆளின் கதையைக் கேள்வியாகக் கேட்க விதி இடம் தராது. “உன் பையன் பேரை கேட்க முடியாது. எத்தினி பேருன்னுதான் கேட்க முடியும். அந்த எத்தினிய நாம கண்டுபிடிக்கணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் கிளம்பினோம். நகரி, புத்தூர், சத்தியவேடு, காளஹஸ்தி. அதே ஏஜெண்ட் அனுப்பிய ஆட்களின் வீடுகளைத் தேடினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டில் மகன் நன்றாக இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். சத்தியவேட்டில் ராஜம்மா என்பவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“எம்பையன் நல்லா கீறான். உங்களுக்கு இன்னா வந்துச்சி?”

“கடைசியா எப்போமா பேசினான்?” என்றார் அம்மா.

“அவனுக்கு வேலை. பேச நேரம் இல்ல.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. என்னைக் காட்டி, “இவரு பையனும் அங்கதான் கீறான். இவருக்கும் ஆறு வாரமா நேரம் இல்லாத பையன்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தார். நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ராஜம்மா ஓடி வந்து, ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே அவர் மகன் சுப்பிரமணியின் பாஸ்போர்ட் நகல். “ஊர்ல சொல்லிக்காதீங்க” என்றார். இப்படிப் பதினோரு வீடு சேர்ந்தது.

இனி நடந்தது என் பிழை. அம்மா கடைசிவரை அதைத் தன் பிழை என்றே சொன்னார். கேள்வி எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன். “ஊர்ல வேலை இருந்தா அவன் ஏம்மா அங்க போறான்? அத்த மொதல்ல கேளுங்கம்மா” என்று கெஞ்சினேன். ஒரு கேள்வி ஒரு அமைச்சர் என்பது அவரே எனக்குச் சொன்ன விதி. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் கிளையில் வேலையில்லாத் திண்டாட்டத்தை வைத்தார். பாஸ்போர்ட்டைக் கடைசியில் வைத்தார். கேள்வி தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போனது. அவர்கள் திட்டங்களை வரிசையாகச் சொல்லிப் பதில் அனுப்பினார்கள். பாஸ்போர்ட் பற்றிய பகுதி வெளியுறவு அமைச்சகத்தைச் சேர்ந்தது என்று ஒரு வரி. அதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பதினோரு வீட்டுக்கும் அம்மாவே போனார். எம்.பி. மேல் பழி போடவில்லை. டெல்லி மேல் போடவில்லை. “தப்பு என்னுது. அண்ணன் மூஞ்சிய பார்த்து எழுதிட்டேன். பேப்பரை பார்த்து எழுதியிருக்கணும்” என்றார்.

“அப்போ இத்தினி மாசம் வீணா?” என்று கேட்டார் ராஜம்மா.

“வீண்தான். மறுபடி கேக்கறேன்.”

நான் இடையில் புகுந்து, “நான்தான் சொன்னேன்” என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார். “எழுதினது யாரு கை அண்ணா?” என்றார். எழுதுகிற கைக்கு ஒரு பொறுப்பு உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் அது நினைவிருக்கிறது.

அடுத்த கூட்டத்தொடரில் இரண்டு கேள்விகள் போயின. வேலை பற்றியது தொழிலாளர் அமைச்சருக்கு. மனிதர்களைப் பற்றியது வெளியுறவு அமைச்சருக்கு. இரண்டுக்கும் நட்சத்திரம் இல்லை. கேள்வி ஏற்கப்பட்டதும் அமைச்சகத்திலிருந்து பெயர் விவரம் கேட்டு எம்.பி.க்குப் போன் வந்தது. பதினோரு நகல்களும் தயாராக இருந்தன. பதில் வருவதற்கு முன்பே ஏழுமலையின் குரல் வந்தது. “நைனா, எம்பசிலேர்ந்து ஆள் வந்து எம்பேரை கேட்டாங்க. எப்படி நைனா தெரிஞ்சிது?”

“நாங்க கேட்டோம்டா” என்றேன். ‘நாங்கள்’ என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பதில் வந்த நாளில் அம்மா அதைத் தமிழில் எழுதி என் முன் வைத்தார். “கண்ணாடி கீதா?” என்றார். அந்த வாரம்தான் நிஜமாகவே கண்ணாடி வாங்கியிருந்தேன். விரல் வைத்துப் படித்தேன். (அ) என்று இருந்தது. அதற்கு எதிரே ஒரு சொல். ‘ஆம்.’ தொழிலாளர்களின் பாஸ்போர்ட் பறித்து வைக்கப்படுவது அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தோம். ஆம் என்று அரசாங்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. அதற்குக் கீழே விவரமும் இருந்தது. அதை அம்மா படித்தார், ஏனென்றால் என் கண்ணாடி நனைந்துவிட்டது.

ஏழுமலை வந்தான். சென்னை விமான நிலையத்தில் முதலில் கேட்டதே, “அந்த கொஸ்டின் அம்மா எங்க?” என்றுதான். இப்போது புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் இருக்கிறான். பதினோரு பேரில் பத்துப் பேர் திரும்பினார்கள். ராஜம்மாவின் மகன் சுப்பிரமணி மட்டும் வரவில்லை. வேலையை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று தெரியாது என்று அந்தக் கம்பெனி சொல்லிவிட்டது.

பத்து போதும் என்று அம்மா நினைக்கவில்லை. கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டால் ஏற்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார். காணாமல் போனவர்களுக்குப் பதிவேடு உண்டா என்று ஒரு முறை. வேலையை விட்டு ஓடியதாகச் சொல்லப்படுபவர்களைத் தேடுவது யார் பொறுப்பு என்று ஒரு முறை. அங்குள்ள ஆஸ்பத்திரிகளில், சிறைகளில் இருக்கும் நம் ஆட்களின் பட்டியல் கிடைக்குமா என்று ஒரு முறை. பெயர் எழுத முடியாத ஒவ்வொரு கேள்விக்குள்ளும் சுப்பிரமணி இருந்தான். படுக்கையில் விழுந்த பிறகும் என்னிடம் கேட்டார். “அடுத்த தொடர் எப்போ அண்ணா ஆரம்பிக்குது?”

பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு ராஜம்மா சத்தியவேட்டிலிருந்து வந்திருந்தார். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அதே பிளாஸ்டிக் கவர் கையில் இருந்தது.

“இனிமே யாரு கேப்பாங்க?” என்றார்.

பக்கத்தில் நின்றவர் யாரோ, புது அலுவலகத்தில் எல்லாம் கணினியில் நடக்கிறது, ஆள் இருக்கிறார்கள் என்றார். ராஜம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நான் எழுதறேன்” என்றேன்.

“நீயா? உனக்கு எழுத வருமா அண்ணா?”

“மெதுவா வரும்.”

அம்மாவின் மகள் அன்று எனக்கு அந்தப் பென்சிலைக் கொடுத்தார். கட்டைவிரல் நீளம்தான் மிச்சம். நீலத்தைவிடச் சிவப்புப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது. சித்தூரைவிட டெல்லியை அம்மா அதிகம் கேட்டிருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பென்சிலும் அ, ஆ, இ என்ற மூன்று எழுத்தும்.

நான்கு நாட்களில் எழுதி முடித்தேன். ஒரே அமைச்சருக்கு, ஒரே விஷயம். யார் முகத்தையும் பார்க்காமல் பேப்பரைப் பார்த்து எழுதினேன். (அ) காணாமல் போனவர்களின் பதிவேடும், ஆஸ்பத்திரி, சிறைப் பட்டியலும் ஒன்றோடொன்று சரிபார்க்கப்பட்டனவா. (ஆ) ஆமெனில், அதன் விவரம் என்ன. (இ) இல்லையெனில், அதற்குக் காரணம் என்ன. நட்சத்திரம் வேண்டாம் என்று கீழே எழுதினேன். ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்க டெல்லியில் எம்.பி.யிடம் ஆள் உண்டு.

உறையில் முகவரியை நானே எழுதினேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். டெல்லி என்றுதான் இருந்தது. இருந்தாலும் தபாலில் சேர்ப்பதற்கு முன், உறையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.